எண்பத்து நாலரை டிகிரி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் மனைவியும் மகள் சின்னவளும் சுகமாக இருக்கிறோம். அத்தானின் கடிதம் வந்தது. அருங்காட்சியகத்தில் இருபத்தாறு வருடமாக ஏறி இறங்கிய ஏணியிலிருந்து நீ விழுந்தாய் என்பதை நம்பவே முடியவில்லை. மாவுக்கட்டு எத்தனை நாளைக்கு? வலி குறைந்திருக்கிறதா? இப்போது அத்தான்தான் சமைக்கிறாராமே. கால் சீக்கிரம் கூடுவதற்கு அது ஒன்றே போதும்.

படுத்திருக்கும் உனக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஷிப்டில், நானூற்று இருபது மீட்டர் ஆழத்தில், சுரங்கத்தின் கிழக்குப் பாதையில் வெடி வைத்தேன். புகை போனதும் வெடி வைத்தவன்தான் முதலில் உள்ளே போய்த் தொங்கும் கற்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். அது எங்கள் வழக்கம். அப்படிப் போனபோது வலப்பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. கடப்பாரையால் கொஞ்சம் பெரிதாக்கி, தொப்பி விளக்கோடு தலையை உள்ளே விட்டேன்.

உள்ளே யாரோ விளக்கோடு நிற்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். என் வெளிச்சமே நூறு இடத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது.

நாம் சிறு வயதில் இருந்த வீட்டின் சமையலறை அளவுக்கு ஒரு பொந்து. நிமிர்ந்து நிற்க முடியாது, உட்காரலாம். தரை, சுவர், கூரை எல்லாவற்றிலும் படிகங்கள். சில என் முழங்கைத் தடிமன், சில ஊசி. தண்ணீர்போலத் தெளிவு. ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கம், நுனி பென்சில்போலச் சீவியது. ஐந்து பக்கமோ ஏழு பக்கமோ உள்ள ஒன்றாவது கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

பூமி உண்டான நாளிலிருந்து அந்த இடத்தில் வெளிச்சம் பட்டதே இல்லை, அக்கா. பார்க்க யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் அவ்வளவு சுத்தமாக வேலை நடந்திருக்கிறது.

கேமராவை உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஒரு துண்டுகூட உடைக்கவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. காலைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மூவருக்கும் என் அன்பு. மாவுக்கட்டு ஏப்ரல் நடுவில்தான் பிரிப்பார்களாம். வலி பரவாயில்லை. இந்தக் கடிதத்தை அத்தானே தபாலில் சேர்க்கப் போவதால் அவர் சமையலைப் பற்றி எழுதவில்லை.

உன் கடிதத்தை ஆறு முறை படித்தேன். நீ பார்த்தது குவார்ட்ஸ். என் பிரிவில் நானூற்றுப் பன்னிரண்டு இழுப்பறைகள் உண்டு. அதில் முப்பத்தொன்றில் குவார்ட்ஸ் மட்டும்தான். ஒவ்வொன்றையும் துடைத்து, அளந்து, வெள்ளை மையில் எண் எழுதி வைத்தவள் நான். ஒவ்வொன்றும் அடியில் முறிந்தது. உளி பட்டு, பெட்டியில் அடைபட்டு, வைக்கோலோடு என் மேசைக்கு வந்தது. வளர்ந்த இடத்தில் நிற்கும் ஒரு படிகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஐம்பத்து மூன்று வயதாகிறது. கடலைப் பார்க்காமல் சங்குகளை அடுக்கிக்கொண்டிருந்த மாதிரி.

ஒன்று கேட்கிறேன். யாரிடமும் சொல்லாதே. உன் ஆட்களிடம் சொன்னால் ஆளுக்கொரு துண்டு வீட்டுக்குப் போய்விடும். என் மேலதிகாரியிடம் நான் சொன்னால், அடுத்த வாரமே உளியோடு ஆட்கள் வருவார்கள். நான் ஊன்றுகோலை எடுப்பதற்குள் எல்லாம் பெட்டிக்குள் இருக்கும். அப்படிச் செய்வதுதான் என் வேலை, தெரியும். ஆனாலும் முதலில் நான் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு நானே அறிக்கை எழுதிக் கொடுக்கிறேன். ஏப்ரல் கடைசிவரை காப்பாற்றி வைப்பாயா?

தனிப் பார்சலில் என் பழைய பித்தளைக் கோணமானி வருகிறது. கத்தரிக்கோல்போல இரண்டு கைகள் இருக்கும். இரண்டு பக்கங்கள் சேரும் விளிம்பில் கைகளை அழுத்தி வைத்தால் முள் கோணத்தைக் காட்டும். பட்டியல் புத்தகத்திலிருந்து குவார்ட்ஸ் பக்கத்தையும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். எனக்காகச் சிலவற்றை அளந்து எழுது. தலையை உள்ளே விடும்போது மேலே பார்த்து விடு.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். கட்டுக்குள் அரிப்பு என்று எழுதியிருந்தாயாம் அவளுக்கு. பின்னல் ஊசியை உள்ளே விடாதே, பதிலாக அத்தானைத் திட்டு என்று சொல்லச் சொன்னாள்.

கோணமானி பத்திரமாக வந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் லிஃப்ட் பக்கம் போனதும் நான் கிழக்குப் பாதைக்குப் போய்விடுகிறேன். பதினோரு படிகங்கள் அளந்தேன். பக்கத்துக்குப் பக்கம்: 120, 119½, 120½, 120, 121, 119½, 120, 120, 120½, 119, 120. பக்கத்திலிருந்து நுனிச் சரிவுக்கு: எல்லாம் 142-க்குக் கொஞ்சம் குறைவு. முழங்கைத் தடிமனுக்கும் அதேதான், குண்டூசிக்கும் அதேதான். ஒன்று மிதிபட்ட டப்பாபோல நசுங்கி வளர்ந்திருந்தது. இதாவது மாறும் என்று ஆசையோடு அளந்தேன். 120.

முப்பது வருடமாகப் பாறையோடு பழகுகிறேன். சொன்ன பேச்சைக் கேட்காத பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். யார் சொன்னதையோ இவ்வளவு கறாராகக் கேட்டிருக்கிறது.

பொந்தின் பின்சுவரில் ஒரு ஜோடி இருக்கிறது. இரண்டு தட்டையான படிகங்கள், உள்ளங்கை அளவு, அடியில் ஒட்டி மேலே விரிந்து நிற்கின்றன, பறவை இறக்கையைத் தூக்கியதுபோல. கோணமானி அதுவரை எட்டவில்லை. பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறேன், படம் உள்ளே. வெடித் துளைகளின் சாய்வை வரைந்து பழகிய கை, மோசமாக இருக்காது.

இனி நான் செய்த காரியம். மே மாதம் அந்தச் சுவரை வெட்டிப் பாதையை அகலமாக்குவார்கள். அதுவரை ஆபத்தில்லை. ஆனால் ஆட்கள் சாய்ந்து உட்காரும் சுவர் அது. ஓட்டையைப் பலகையால் மூடினேன், ஆனால் உள்ளே என்ன என்று எட்டிப் பார்ப்பார்கள். அதனால் பலகைக்குப் பக்கத்தில் சிவப்புச் சுண்ணத்தில் வட்டமும் குறுக்குக் கோடும் போட்டுவிட்டேன். வெடிக்காத மருந்து துளைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குறி இருந்தால் யாரும் பத்தடிக்குள் வரமாட்டார்கள். ஷிப்டுப் பதிவேட்டிலும் எழுதி, ‘நானே கவனித்துக்கொள்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டில் நான் எழுதிய முதல் பொய்.

உன் தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு அதைவிட நன்றாக இருக்கிறது. சிவப்பு வட்டத்தைப் படித்து அத்தான், “உன் தம்பி தொழிலை மாத்தியிருந்தா அமைச்சராயிருப்பான்” என்றார். நானும் சிரித்தேன். கெட்டிக்காரன்டா நீ.

உன் 119½ உன் கை நடுக்கம். உன் 121 உன் அவசரம். இரண்டுக்கும் நடுவே அசையாமல் நிற்பது 120. ஒரு படிகம் ஒரு பக்கம் கொழுத்தும் மறுபக்கம் மெலிந்தும் வளரலாம். இடம் கிடைக்காமல் நசுங்கலாம். பக்கங்களின் அகலம் எப்படி வேண்டுமானாலும் மாறும். அவை சந்திக்கும் கோணம் மட்டும் மாறாது. உன் பொந்தில் மட்டுமல்ல, பூமியில் எங்கே எடுத்தாலும். இதை நான் ஆயிரக்கணக்கான முறை அளந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முள் வந்து நிற்கும்போது, யாரோ உள்ளிருந்து பதில் சொன்னமாதிரி முதுகு சிலிர்க்கும். என்னோடு வேலை செய்பவர்களிடம் இதைச் சொன்னதில்லை. சிரிப்பார்கள்.

அந்த ஜோடியை விட்டுவிடாதே. ஒரு தடித்த அட்டையைக் கத்தரித்து, குச்சியில் கட்டி உள்ளே நீட்டி, இறக்கைகளுக்கு நடுவே பொருந்தும்வரை வெட்டிப் பார். பொருந்தியதும் அட்டையை அளந்து எழுது. அதோடு இன்னும் இருபது படிகங்கள். பேராசைதான். படுக்கையில் கிடப்பவளுக்கு வேறென்ன.

அவளுக்கும் சின்னவளுக்கும் அன்பு. குனிந்து குனிந்து உன் இடுப்பு பிடித்துக்கொள்ளப் போகிறது, தைலம் தேய்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். நடுவில் கடைவாய்ப் பல் வீங்கி, பிடுங்கி, மூன்று நாள் வீட்டில் கிடந்தேன். இப்போது பரவாயில்லை. அவளும் சின்னவளும் சுகம். உன் கால் எப்படி?

நீ கேட்ட இருபதையும் அளந்தேன். இருபதும் 120. நுனிச் சரிவு 141 டிகிரி 47 நிமிடம். அந்த ஜோடி 60.

வேலை கொஞ்சம் அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

பல் பிடுங்கிய இடம் ஆறியதா? உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறாயா?

மாவுக்கட்டை ஒரு வாரம் முன்னதாகவே பிரித்துவிட்டார்கள். கால் குச்சிபோல இளைத்திருக்கிறது, ஆனால் தாங்குகிறது. மருத்துவர் இரண்டு வாரம் நடந்து பழகச் சொல்லியிருக்கிறார். அலுவலகத்திலும் விடுப்பு வாங்கிவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி கிளம்பி வரலாம் என்றிருக்கிறேன். வெளியாள் உள்ளே இறங்க மேலாளர் அனுமதி வேண்டுமாமே, அதற்கு என்ன எழுத வேண்டும் என்று சொல்.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டுப் பிரித்தது கேட்டு நிம்மதி. அவசரப்பட்டு ஊன்றுகோலை வீசிவிடாதே. நாங்கள் சுகம்.

இருபத்தெட்டாம் தேதி சரிப்படுமா என்று தெரியவில்லை. லிஃப்டின் கம்பி வடத்தை மாற்றுகிறார்கள். கீழே வெக்கையும் இந்த மாதம் அதிகம், லிஃப்டிலிருந்து கிழக்குப் பாதைக்கு எழுநூறு மீட்டர் நடக்க வேண்டும், தரையெல்லாம் சேறு. இப்போதுதான் சேர்ந்த எலும்பு. மழைக்காலம் கழித்து வந்தால் என்ன? சின்னவளுக்கும் அப்போது பள்ளி விடுமுறை.

உன் தம்பி


ஏப்ரல் 27

தம்பி,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். பெட்டி கட்டவில்லை.

உன் மார்ச் கடிதத்தை மூன்று வாரமாக மேசையிலேயே வைத்திருக்கிறேன். இருபது படிகத்தை அளந்து இருபதும் மயிரிழை பிசகாமல் 120 என்று எழுதியிருக்கிறாய். இருபத்தாறு வருடத்தில் எனக்கு அப்படி ஒருமுறைகூட வந்ததில்லை. அந்தக் கோணமானியில் டிகிரியை அறுபதாகப் பிரிக்கும் நிமிடக் கோடுகளே கிடையாது. 141 டிகிரி 47 நிமிடம் என்பது நான் அனுப்பிய பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண்.

பிறகு அந்த ஜோடி. குவார்ட்ஸ் படிகங்கள் இரண்டு அப்படி இறக்கைபோல ஒட்டி வளர்வது மிக அபூர்வம். வளர்ந்தால் நடுவே இருக்கும் கோணம் 84 டிகிரி 33 நிமிடம். ஆறு பக்கத்தோடு இதற்கு உறவே இல்லாததுபோலத் தோன்றும். மற்றதெல்லாம் 120 என்றால் இது 60 ஆகத்தான் இருக்கும் என்று கணக்குப் பண்ணுகிறவனுக்குத் தோன்றும். அட்டையை வெட்டிப் பார்த்தவனுக்குத் தோன்றாது. நீ பிப்ரவரியில் வரைந்த படத்தின்மேல் கோணமானியை வைத்தேன். எண்பத்தைந்துக்குச் சற்றுக் குறைவு. உன் கை சரியாகத்தான் வரைந்திருக்கிறது.

திட்ட எழுதவில்லை. என்ன ஆயிற்று என்று சொல். உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?

அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பொந்து போய்விட்டது.

மதிய ஷிப்டில் வெடி வைப்பவரை நாங்கள் ‘சட்டம்’ என்று கூப்பிடுவோம். அவர் மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாராம். விதிப் புத்தகம் மொத்தமும் மனப்பாடம். நான் பல் பிடுங்கிக் கிடந்த இரண்டாம் நாள், அவர் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார். வெடிக்காத மருந்து ஐந்து வாரமாக அப்படியே இருக்கிறது, பொறுப்பேற்றவன் விடுப்பில் இருக்கிறான். அப்படியானால் அடுத்து வருபவர்தான் அகற்ற வேண்டும். துளையைத் தொடக் கூடாது. ஓரடி தள்ளி, அதற்கு இணையாகப் புதுத் துளை போட்டு வெடித்தால் பழைய மருந்தும் சேர்ந்து போய்விடும். புத்தகத்தில் உள்ளபடி, ஓர் அங்குலம் பிசகாமல் செய்திருக்கிறார். உடைந்த கல்லெல்லாம் அன்றைக்கே ஈயத் தாதுவோடு அரவைக்குப் போய்விட்டது.

நான் வீங்கிய கன்னத்தோடு வேலைக்குத் திரும்பியபோது வாசலிலேயே நிறுத்தினார். “உன் வேலையையும் சேத்துப் பாத்துட்டேன்யா, ஒரு டீ வாங்கிக் குடு” என்றார். வாங்கிக் கொடுத்தேன். “உள்ள கண்ணாடி மாதிரி என்னமோ மின்னுச்சு, பாக்கறதுக்குள்ள தூசி மூடிருச்சு” என்றார். டீ நன்றாக இல்லை என்று குறை சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கம் முழுக்கப் புதிதாக உடைந்த பாறை. முகத்தை வைத்தால் வெதுவெதுப்புகூட வரவில்லை. பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை.

உன் கடிதம் வீட்டில் காத்திருந்தது. ஜோடியின் கோணம், இன்னும் இருபது. நீ படுக்கையில் இருந்தாய். கால் கூடும்வரையாவது அது இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு மாதம் தள்ளிப்போட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உன் புத்தகப் பக்கத்தைப் பார்த்து எண்களை எழுதினேன். அவள் தட்டை வைத்துவிட்டு, “பாறைய அளக்கற மனுஷன் மேசைல என்னத்த அளக்கறீங்க?” என்று கேட்டாள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

சுவரில் அந்தக் குறியைப் போடாமல் இருந்திருந்தால், மே வரை பலகை தாங்கியிருக்கும். நான் காப்பாற்றப் போட்ட குறியே அதை உடைக்கும் இடத்தைக் காட்டிவிட்டது. சட்டத்துக்கு இன்றுவரை தெரியாது. பொய்க்குறி போட்டது தெரிந்தால் வெடி வைக்கும் சான்றிதழ் போய்விடும். அதற்குப் பயந்துதான் வாயைத் திறக்கவில்லை என்றும் எழுதிவிடுகிறேன், ஏற்கனவே எழுதிய பொய் போதும்.

கால் எப்படி இருக்கிறது?

உன் தம்பி


மே 14

அன்புள்ள தம்பிக்கு,

கால் நடக்கிறது. கடிதம் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு பூங்காவரை நடந்து, அழுதுவிட்டு, திரும்பி நடந்தேன். முதன்முறையாக ஊன்றுகோல் இல்லாமல்.

நீ குறி போட்டாய், சட்டம் வெடித்தார். சொல்லாதே என்றது யார்? ஜனவரியிலேயே என் மேலதிகாரிக்கு ஒரு வரி எழுதியிருந்தால், பிப்ரவரியில் அந்த ஜோடி பஞ்சில் பொதிந்து இங்கே வந்திருக்கும். அப்படிப்பட்டது எங்கள் முப்பத்தொரு இழுப்பறையில் ஒன்றுகூட இல்லை. அதைக் காப்பாற்றத்தான் எனக்குச் சம்பளம். நான் என் கண்ணுக்காக வைத்துக்கொண்டேன். மேலதிகாரியிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கத்தியிருக்கலாம்.

உன் பதினோரு அளவுகளையும் படத்தையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். எண்கள் பிசகி இருப்பதால்தான் அவற்றை நம்பி எழுத முடிந்தது. அந்தப் பொந்தைப் பற்றி உலகத்தில் உள்ள சாட்சி அவ்வளவுதான்.

நீ செய்ய வேண்டியதை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் நான் வருகிறேன். ஒன்றும் இல்லாத சுவரானாலும் அதைப் பார்க்க வேண்டும்.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீ வருவதால் வீட்டில் ஒட்டடை அடிக்கிறார்கள். அவளிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன்.

மேலாளரிடமும் சொன்னேன். சான்றிதழ் மூன்று மாதம் நிறுத்தம். மேலே கிடங்கில் திருகாணி எண்ணும் வேலை. அதுவரை கீழே இறங்கக் கூடாது, உன்னோடுகூட. உனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பாதையை எதிர்ப்பக்கச் சுவரில் அகலமாக்குவது என்று மாற்றிவிட்டார்கள், நீ பார்க்க வேண்டிய சுவர் அப்படியே இருக்கிறது.

சட்டத்திடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. முழுவதும் கேட்டார். “அப்ப நான் ஒடச்சது அதைத்தானா?” என்றார். ஆமாம் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கிடங்கு ஜன்னலுக்கு வந்து, “உங்க அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உன் தம்பி


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கணுக்கால் கொஞ்சம் வீங்கியது, வடிந்துவிட்டது. உன் வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்ட விதத்துக்கு நன்றி என்று எழுதினால் அவள் கோபிப்பாள். அதனால் எழுதவில்லை.

லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் நீ என் முகத்தையே பார்த்தாய். சுற்றிலும் ஆட்கள், எனக்கு ரயிலுக்கு நேரம். இப்போது எழுதுகிறேன்.

சட்டம் வழியெல்லாம் என் முன்னால் போய்ச் சேற்றில் பலகை போட்டுக்கொண்டே நடந்தார். கிழக்குப் பாதைக்கு வந்ததும், “அம்மா, நான் விதிப்படிதான் செஞ்சேன்” என்றார். தெரியும் என்றேன். “விதில இதுக்கு ஒண்ணும் எழுதல” என்றார்.

அவர் விளக்கைக் காட்டினார். நீ சொன்னதுபோல உடைந்த பாறைதான். நான் தரையில் உட்கார்ந்தேன், கால் நீட்ட வேண்டியிருந்தது. உட்கார்ந்ததால்தான் தெரிந்தது. நின்று பார்ப்பவர் கண்ணில் படாது. சுவரின் அடியில், வெடி வாங்காத ஒரு மூலை மிச்சம் இருக்கிறது. ஒரு சாண் உயரம், இரண்டு முழம் நீளம். உன் பொந்தின் பின்தரை அது. தூசி மூடிக் கிடந்தது. புடவைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன்.

குட்டையாக முறிந்த அடிகள், பத்துப் பன்னிரண்டு. புது முறிவு, கண்ணாடி உடைந்ததுபோல வளைந்து வளைந்து. குவார்ட்ஸ் உடையும்போது எந்தக் கோணத்தையும் மதிக்காது. அதைத்தான் பார்க்க வந்தேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அவற்றுக்கு நடுவே ஒன்று படுத்துக் கிடந்தது. என் மணிக்கட்டுத் தடிமன். தூக்கிப் போட்டதுபோல மற்றவற்றின்மேல் குறுக்கே. வெடியில் விழுந்தது என்று கையை வைத்தேன். அசையவில்லை. கீழே உள்ளவற்றோடு ஒட்டி வளர்ந்திருந்தது. அப்படியானால் அது விழுந்தது உன் வெடியிலும் இல்லை, அவர் வெடியிலும் இல்லை. மனிதர் இல்லாத ஏதோ ஒரு காலத்தில் பூமி குலுங்கி, கூரையிலிருந்து முறிந்து விழுந்திருக்கிறது.

முறிந்த முனையை என் பக்கம் இருந்து பார்த்தேன். முறிவு இல்லை, தம்பி. அந்த மேடுபள்ளம் முழுவதும் நகக்கண் அளவில், கடுகு அளவில், சின்னச் சின்ன முகங்கள், பளபளப்பான படிகப் பக்கங்கள், முளைத்திருந்தன. சட்டத்திடம் விளக்கை மெதுவாகத் திருப்பச் சொன்னேன். ஒரு சாய்வில் வந்ததும் அத்தனையும் ஒரே நொடியில் மின்னின. இன்னும் கொஞ்சம் திருப்பினார், அத்தனையும் ஒரே நொடியில் அணைந்தன. எல்லாம் ஒரே திசையைப் பார்க்கின்றன என்று அர்த்தம். உடைந்த இடத்தில் ஒவ்வொரு துணுக்கும், எந்தப் பக்கம் வளர வேண்டும் என்பதை மறக்காமல், மறுபடி தொடங்கியிருக்கிறது. பெரிதாக இருந்த ஒரு முகத்தில் கோணமானியை வைத்தேன். முள் நிற்கவில்லை, மூன்று முறை வைத்தேன். 142-க்குக் கொஞ்சம் குறைவு.

இப்படி முறிவு ஆறிய படிகங்கள் உண்டு என்று படித்திருக்கிறேன். இழுப்பறையில் இரண்டு இருக்கின்றன. அது விழுந்த இடத்திலேயே, விழுந்த நிலையிலேயே ஆறியிருப்பதைப் பார்ப்பது வேறு.

சட்டம் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். விளக்கை அதன்மேலேயே வைத்துக்கொண்டு, “அப்ப இப்ப நான் ஒடச்சதும் இப்படி ஆகுமா?” என்று கேட்டார்.

“ஆகும். இப்ப இல்ல. சுரங்க வேலையெல்லாம் முடிஞ்சு, பம்ப நிறுத்தி, அடியிலேருந்து சுடுதண்ணி ஏறி இந்த இடம் நெறஞ்சப்புறம்.”

“அது வரைக்கும்?”

“காத்திருக்கும்.”

“எத்தன நாள் ஆகும்மா?”

“உங்க ஷிப்டு முடியறதுக்குள்ள ஆகாது” என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தம்பி. பார்த்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரிப்பு நின்றதும், தொப்பியைச் சரி செய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதை எடுத்துவரவில்லை. எடுக்கலாமா என்று மேலதிகாரியைக் கேட்டு எழுதியிருக்கிறேன். அங்கேயே விடலாம் என்றும் அதே கடிதத்தில் என் கருத்தாக எழுதியிருக்கிறேன். முடிவு அவருடையது. செப்டம்பரில் உன்னைக் கீழே விடுவார்கள். இறங்கியதும் முதல் வேலையாக அங்கே போய் உட்கார். நிற்காதே, உட்கார். உனக்கு அளக்க ஏழெட்டு முகங்கள் மிச்சம் வைத்திருக்கிறேன். பிசகோடு எழுது.

அக்கா